அம்மன் கண்மலர்

ஓசூர் பஜார் தெருவில் எங்களுடையது ஒரு சிறிய வெள்ளிக் கடை. கொலுசு, மெட்டி, அரைஞாண், பால் சங்கு ஆகியவற்றோடு கண்மலர்களும் விற்று வந்தோம். கண் நோய் தீர்ந்தவர்களும் அம்மை இறங்கியவர்களும் மெல்லிய வெள்ளித் தகட்டில் செய்த ஒரு ஜோடிக் கண்களை வாங்கி, தங்கள் ஊர் அம்மன் உண்டியலில் போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கடையில் விற்கும் எந்த வெள்ளிப் பொருளானாலும் அதன் பின்புறத்தில் கடுகளவுக்கு ஒரு பிறைக் குறி தட்டியிருக்கும். என் தந்தையார் காஜா மொய்தீன் கடை தொடங்கிய நாளில் செய்வித்த உளி இன்னும் என்னிடம் இருக்கிறது. பொருள் திரும்ப விற்பனைக்கு வந்தால் எங்களுடையதுதானா என்று தெரிந்துகொள்வதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது.

பழைய பொன், பழைய வெள்ளி, பழைய நாணயங்கள் ஆகியவற்றை வாங்கவும் செய்வோம். சாமி மேலிருந்து இறங்கிய நகையை மட்டும் வாங்குவதில்லை. அதைக் கொண்டு வருபவர்களிடம் மரியாதையாக மறுத்துவிடுவதே எங்கள் வழக்கம். 1991-ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் அவ்வாறு மறுக்கத் தவறினேன்.

வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. நூல் புடவையின் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பொன் கண்களை என் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம் இருக்கும். பின்புறத்தில் பழைய அரக்கு கறுத்துக் கிடந்தது. உண்டியலில் போடும் கண்களுக்கு அரக்கு தேவையில்லை. சிலையின் முகத்தில் ஒட்டும் கண்களுக்குத்தான் அரக்கு வைப்பார்கள்.

"இது எந்தக் கோயிலோடதுங்கம்மா?" என்று கேட்டேன்.

"கோயிலு இல்லீங்க பாய். எங்க வூட்டு சாமி. பாகம் பிரிஞ்சதுல எம் பங்குக்கு வந்தது."

"மன்னிக்கணும். சாமி பொருளை நாங்க வாங்கறதில்லைங்க."

"ஏன், எங்க சாமின்னா உங்களுக்கு ஆவாதா?"

அவர் சண்டைக்காக அப்படிக் கேட்கவில்லை. ஆனால் பெஞ்சில் மெட்டி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். என்னைப் போன்ற ஒருவன் அந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல முடியாது. மறுத்தால் அவமரியாதை என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற ஒரே அச்சத்தில், "அப்படியெல்லாம் இல்லீங்கம்மா, கொடுங்க" என்று தராசை முன்னால் இழுத்தேன். முக்கால் பவுனுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அன்றைய விலையைக் கொடுத்தேன்.

அவர் உடனே எழுந்து போகவில்லை. "வெள்ளியில கண்ணு காமிங்க" என்றார். தட்டை எடுத்து வைத்தேன். தாம் விற்ற பொன் கண்களைத் திரும்ப வாங்கி, வெள்ளிக் கண்கள் ஒவ்வொன்றின் மேலும் வைத்து வைத்துப் பார்த்தார். ஐந்தாவது ஜோடி நூல் பிசகாமல் பொருந்தியது. அதை வாங்கிக்கொண்டு, பொன் கண்களை என்னிடமே தந்துவிட்டுப் போனார். நோட்டில் அவர் சொன்னபடி எழுதினேன்: வெங்கடம்மாள், நாட்றாம்பாளையம் பக்கம்.

அளவு பார்த்து எதற்காக வாங்குகிறார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பன்னிரண்டு நாட்கள் கழித்துத் தலைமைக் காவலர் அழகர்சாமி கடைக்கு வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கோயிலில் நகை காணாமற்போயிருந்ததாம். பஜாரில் ஒவ்வொரு கடையாக விசாரித்துக்கொண்டு வந்தார்.

"என்ன பாய், சாமி சாமான் ஏதாச்சும் வந்துச்சா? கண்ணு, பொட்டு, மூக்குத்தி?"

"நாங்க வாங்கறதே இல்லைங்க சார்."

சொல்லி முடித்த பிறகுதான் அது பொய் என்பதை உணர்ந்தேன். கண்கள் இரண்டும் என் வலது முழங்காலுக்கு நேரே, இழுப்பறையில், ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தன.

"வந்தா சொல்லிப்புடணும். வாங்குனவன்தான் முதல்ல உள்ள போவான், தெரியும்ல? திருடுனவன அப்புறம் சாவகாசமாப் பிடிச்சுக்கிருவோம்."

"கண்டிப்பா சொல்றேங்க சார்."

எதிர்க்கடையில் தேநீர் சொல்வதற்காகக் கையை உயர்த்தினேன். அவர் சிரித்தார். "இத்தன கட ஏறி இறங்கிட்டேன். மடியில கனம் இருக்கவன்தான் உடனே டீ சொல்றான். நீரு இவ்வளவு நேரமாச் சொல்லல. நல்ல மனுசன்."

உயர்த்திய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

அவர் என்னிடமிருந்த கண்களைத் தேடி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் காவலரிடம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இனி அவை என்னிடம் அகப்பட்டால், வெங்கடம்மாள் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், யார் நம்புவார்கள்? அம்மனின் கண்ணைப் பெயர்த்தெடுத்து ஒரு பாய் கடையில் மறைத்து வைத்திருந்தான் என்ற ஒரு வரி போதும். கடை இருக்காது. தெருவில் எங்களைச் சேர்ந்த மற்ற நான்கு கடைகளும் இருக்குமா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை.

உருக்கிவிடலாம் என்று பின்சந்தில் இருக்கும் திம்மப்பனின் பட்டறைக்குப் போனேன். அவர் கரி ஊதிக்கொண்டிருந்தார். "என்ன கரீம் பாய், என்ன உருக்கணும்?" என்று கையை நீட்டினார். பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே விரலால் தொட்டேன். தகட்டின் நடுவே விழிக்காகக் குமிழ்த்திருந்த இடம் விரலில் தட்டுப்பட்டது. "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

என் மனைவி தில்ஷாத் மூன்று நாட்கள் பொறுத்திருந்து பார்த்தாள்.

"என்னாங்க, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க. அது சோறா, சிமெண்டா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே மடித்தாள்.

"கொண்டுபோய் அந்தம்மாகிட்டயே கொடுத்துட்டு வாங்க. காசைத் திருப்பிக் கேக்காதீங்க."

"ஊர்க்காரங்க பிடிச்சுக் கட்டி வச்சுட்டாங்கன்னா?"

"கட்டி வச்சா யாராச்சும் ஒருத்தர் அவுத்து விடுவாங்க. ஜெயில்ல வச்சா யாரு அவுக்கிறது?"

மறுநாள் காலையில் அவளே அரக்கைச் சுரண்டி, கண்களைக் கழுவி, ஒரு சிறிய துணியில் முடிந்து, சோற்று டப்பாவின் அடியில் வைத்தாள். மேலே எலுமிச்சைச் சோறு வைத்து அழுத்தினாள். சாமி பொருளைச் சோற்றுக்கு அடியில் வைப்பது தவறு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அஞ்செட்டி வழியில் சந்தனக் கட்டைக்காகப் பேருந்துகளை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

தேன்கனிக்கோட்டையில் பேருந்து மாறினேன். காட்டுப் பாதையில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். துப்பாக்கி வைத்திருந்த ஒருவர் என் பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"புளியோதரையா?"

"எலுமிச்சங்க."

அவர் ஒரு விரலால் சோற்றைத் தொட்டார். விரல் முதல் கணு வரை உள்ளே போயிற்று. பிறகு விரலை வாயில் வைத்துப் பார்த்து, "உப்பு கம்மி" என்று சொல்லி மூடிக் கொடுத்தார். டப்பாவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.

நாட்றாம்பாளையத்தில் இறங்கி விசாரித்ததில், வெங்கடம்மாள் என்றால் மேற்கே இரண்டு மைல் தள்ளியிருக்கும் சிற்றூரின் பூசாரி திம்மராயனின் மனைவி என்றார்கள். அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பூசாரியின் வீட்டுக்குப் பங்காக வந்தது கோயில் அம்மனின் கண்களே என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊருக்கு வெளியே ஓடு வேய்ந்த சிறிய அம்மன் கோயில். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த வெங்கடம்மாள் என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"எதுக்கு பாய் வந்தீங்க? யாராச்சும் பாத்தாங்களா?"

"இதைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேங்க. காசு வேண்டாம். நீங்க எடுத்துக்கிட்டாப் போதும்."

"நான் எங்கே வைப்பேன்?" குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "உள்ள பாருங்க. கண்ணு இருக்குது."

கருவறைக்குள் அம்மனின் கறுத்த முகத்தில் இரண்டு பொன்னிறக் கண்கள் மின்னின. என் கடையில் வாங்கிய வெள்ளிக் கண்கள். அவற்றின் பின்னால், அரக்குக்குள், என் தந்தையாரின் பிறைக் குறி இருந்தது.

"வூட்டுக்காரரு புளியமரத்துல இருந்து வுழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சுங்க. பெங்களூரு ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். அப்பத்தான் எடுத்தேன். அங்கியே ஒரு கடையில வெள்ளிக்கு முலாம் போட்டுக்கிட்டு வந்து, ஒட்டிட்டேன்."

"ஊர்க்காரங்க பார்க்கலையா?"

"தை மாசத்துக்குத் தை மாசம் பூசாரி முறை மாறுமுங்க. நாங்க எடுத்த முறை, இவரு வுழுந்துட்டதால இந்த வருசம் நடுவுலயே பங்காளிக்குக் கை மாத்திட்டாங்க. போன வாரந்தான். நோட்டுல எழுதினதைப் படிப்பாங்க, ஒவ்வொண்ணா எண்ணிக் குடுப்பாங்க. கண்மலர் ஜோடி ஒண்ணு. இருக்குதுன்னாங்க. எங்க ஊருல எடை போட மாட்டாங்க, சாமி நகையைத் தராசுல வைக்கப்புடாது. எல்லாம் முடிஞ்சு போச்சு பாய். இப்ப இன்னொரு ஜோடி வந்தா, அது எங்கிருந்து வந்துச்சும்பாங்க. என்னை உசுரோட வைக்க மாட்டாங்க."

டப்பாவை வைத்துக்கொண்டு நான் நின்றேன். திரும்பிப் போனால் அதே சோதனைச் சாவடி. அதே விரல். கோயில் தூணோடு சங்கிலியால் பிணைத்திருந்த இரும்பு உண்டியலின் மேல் என் பார்வை விழுந்தது.

"நான் இதுல போடலாமுங்களா?"

அவர் உண்டியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யாரு வேணா போடலாம். கண்ணு போடறதுதானே வழக்கம். உண்டியலு பேரு கேக்காது."

குழாயடியில் கண்களைக் கழுவித் துடைத்து உள்ளே போட்டேன். சில்லறைமேல் விழுந்த சத்தம் மிகச் சிறியது. இருந்தும் இருவரும் சுற்றிலும் பார்த்தோம். சோற்றை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும்போது சோதனைச் சாவடியில் காலி டப்பாவைத் திறந்து காட்டினேன். அந்த ஆடி மாதம் முழுவதும் நன்றாகத் தூங்கினேன்.

ஆவணி பிறந்த நான்காம் நாள், பகல் பதினொன்றரை மணி இருக்கும். மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவர் வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு, அகன்ற மீசை. இரண்டாமவர் இளைத்த தேகம் கொண்டவர். மூன்றாவதாக வந்த வெங்கடம்மாள் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நான் ஆஞ்சப்பன். கோயிலு தர்மகர்த்தா. பூசாரி சம்சாரந்தான் உங்க கடையைச் சொல்லுச்சு. நேர்மையான மனுசன்னு."

"உக்காருங்கய்யா."

"எங்க அம்மனுக்கு ஒரு அதிசயம் நடந்துச்சு பாய். ஆடித் திருவிழா முடிஞ்சு உண்டியலைத் தொறந்தோம். யாரோ புண்ணியவான் தங்கத்துலயே கண்ணு போட்டிருக்காரு. பேரு இல்ல, ஊரு இல்ல. பழைய கண்ணு மாதிரியே அதே வாட்டம்."

"கண்மலர்னா எல்லாம் ஒரே அச்சுதானுங்கய்யா" என்றேன்.

"அதையேதான் இந்தம்மாவும் சொல்லுச்சு. ஆமா, நீங்க எங்க ஊருப் பக்கம் வந்ததுண்டா?"

"இல்லீங்க."

படியில் வெங்கடம்மாளின் தோள் அசைந்தது. இரண்டாவது பொய்.

"புதுக் கண்ணை அம்மனுக்கு வச்சுட்டோம். இனி பழசு எதுக்கு? அம்மன்கிட்டப் பூ போட்டுக் கேட்டோம், வித்துக்கச் சொல்லிட்டா. கோயிலு கூரைக்கு சிமெண்டுத் தகடு போடலாம்னு இருக்கறோம்." துண்டின் முடிச்சை அவிழ்த்து இரண்டு கண்களை என் முன்னால் வைத்தார்.

ஆக, நான் விற்ற வெள்ளி என்னிடமே பொன்னாக வந்திருந்தது.

முலாம் என்று சொன்னால், யார் மாற்றியது என்ற கேள்வி வரும். படியில் உட்கார்ந்திருப்பவரைப் பிடிப்பார்கள். பொன் எங்கே விற்றாய் என்று கேட்பார்கள். அவர் என்னைக் காட்டுவார். அவர் காட்டாவிட்டாலும் அரக்கின் அடியில் இருக்கும் பிறை காட்டிவிடும். வேறு கடைக்குப் போங்கள் என்று அனுப்பினாலோ, அங்கே சுரண்டுவார்கள். எப்படிப் பார்த்தாலும் வழி என் கடைக்கே வந்து சேர்ந்தது.

"சாமி பொருள் வாங்கறதில்லைன்னு சொல்லுவீங்களாமே. நாங்க ஊரே சேர்ந்து கொண்டாந்திருக்கோம். வாங்கணும்" என்றார் ஆஞ்சப்பன்.

"வாங்கறேங்கய்யா."

"அரக்கைச் சுரண்டிட்டு எடை போடுங்க. அரக்குக்கு நீங்க ஏன் காசு குடுக்கணும்?"

கத்தியை எடுத்தேன். கண்ணைக் கவிழ்த்து, பின்புறம் என் நெஞ்சுப் பக்கமாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு சுரண்டத் தொடங்கினேன். ஆஞ்சப்பன் முழங்கையை மேசையில் ஊன்றி முன்னால் குனிந்தார். அரக்கு துண்டு துண்டாக உதிர்ந்தது. கண்ணின் வால் பக்கத்துச் சில்லு பெயர்ந்ததும் பிறை தெரிந்தது. முலாம் அதன் பள்ளத்துக்குள்ளும் ஓடி, அது மற்ற இடத்தைவிட அதிகமாகவே மின்னியது. கட்டைவிரலை அதன்மேல் வைத்தேன்.

ஆஞ்சப்பன் இளைத்தவரிடம் தெலுங்கில் பேசினார். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்பதை அவர்கள் அறியவில்லை.

"இந்த பாய்க்கு ஏன் கை இப்படி நடுங்குது?"

"சர்க்கரையா இருக்கும். எங்க மாமனுக்கும் இப்படித்தான்."

"மூஞ்சியும் வேர்க்குதே."

"சர்க்கரைதான்."

இரண்டாவது கண்ணின் பிறையை மறைக்க இன்னொரு விரல் தேவைப்பட்டது. இரண்டையும் பின்னோடு பின் சேர்த்துத் தராசில் வைத்தேன். முள் அரைப் பவுனைக்கூட எட்டவில்லை.

"எங்கப்பாரு முக்கால் பவுனுன்னு சொல்லுவாரு" என்றார் ஆஞ்சப்பன், தமிழில்.

"அரக்கோட பார்த்திருப்பாங்கய்யா."

"எங்க ஊருல எடையே போடறதில்லையே. அப்பாருக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் இளைத்தவர், "கையில தூக்கிப் பாத்துச் சொல்லியிருப்பாரு. உங்கப்பாரு கோழியைக்கூட அப்படித்தான் எடை சொல்லுவாரு. கால் கிலோ தப்பாது, ஒரு கிலோவே தப்பும்" என்றார். ஆஞ்சப்பன் முறைத்தார். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"சரி, உரசுங்க."

உரைகல்லில் கண்ணின் ஓரத்தை வைத்து, பூவைத் தொடுவதுபோல் ஒரு கோடு இழுத்தேன். மஞ்சள் கோடு விழுந்தது.

"அழுத்தி உரசுங்க பாய். சரியா விழவே இல்லையே."

அழுத்தினால் முலாம் கிழிந்து வெள்ளை தெரியும். கண்ணைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னேன்: "அம்மன் கண்ணுங்கய்யா. அழுத்தி உரசறதுக்கு எனக்கு மனசு வரலைங்க."

ஆஞ்சப்பன் மேசையிலிருந்து முழங்கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டியா?" என்றார் இளைத்தவரிடம். "நமக்குக்கூட இது தோணல."

வெட்கத்தால் நான் தலை குனிந்தேன். அதையும் அவர்கள் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

விலை பேச வேண்டியிருந்தது. கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் மனம் பறந்தது. ஆனால் எந்த வியாபாரியும் பேரம் பேசாமல் பணம் தரமாட்டான். அதுவே சந்தேகம் ஆகிவிடும். ஆகவே மாற்றுக் குறைவு என்றேன். சேதாரம் என்றேன். அவர் எழுந்து போவதுபோல் பாவனை செய்தார். நான் பதறி நாற்பது ரூபாய் ஏற்றினேன். வெள்ளிக்கு மேல் பூசிய மஞ்சளுக்காக அரை மணி நேரம் இருவரும் மனப்பூர்வமாக வாதாடினோம். கடைசியில் நல்ல பொன்னின் விலைக்குச் சற்றுக் கீழே முடிந்தது. தில்ஷாத்தின் வளையலுக்கென்று ஒதுக்கியிருந்த தொகையும் அதில் போயிற்று.

அவர்கள் புறப்படுவார்கள் என்று நினைத்தேன். ஆஞ்சப்பன் துணிப்பையிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். சிவப்பு அட்டை, ஓரங்களில் மஞ்சள் கறை.

"கோயிலு நகை நோட்டு. இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பொன் கண்மலர் ஜோடி ஒண்ணு, வாங்கியவர் இன்னாருன்னு. கடை முத்திரையும் வச்சிருங்க."

"நான் எதுக்குங்கய்யா?"

"முறை மாறும்போது படிப்போமில்ல? போன பொருளு எங்க போச்சுன்னு ஊருக்குத் தெரியணும். வருசா வருசம் அம்மன் முன்னாடி உங்க பேரைப் படிப்போம் பாய். நல்ல மனுசன் பேரு, படிக்கட்டுமே."

எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் ஒழுங்காக இருக்கும், பள்ளியில் பரிசு பெற்றது. அன்று அது கோட்டுக்கு மேலே ஏறி இறங்கியது. அதற்குக் கீழே கடையின் ரப்பர் முத்திரையை வைத்தேன். அதிலும் பிறை உண்டு.

அவர்கள் படியிறங்கினார்கள். வெங்கடம்மாள் கடைசியாக எழுந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் உதிர்ந்து கிடந்த அரக்குத் துண்டுகளையெல்லாம் உள்ளங்கையில் கூட்டி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

அன்று பிற்பகலே திம்மப்பனின் பட்டறைக்குப் போய் உருக்கச் சொன்னேன். உருக்கும் மூசையில் மஞ்சள் ஒரு நொடியில் மறைந்து வெண்மை பரவியது. "முலாம்! உங்களையே ஏமாத்திட்டாங்களா பாய்? யாரு கொண்டாந்தது?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரிக்க முயன்றேன். ஞாபகமில்லை என்றேன்.

கண்கள் இப்போது இல்லை. பிறையும் இல்லை. நோட்டு மட்டும் இருக்கிறது. தை மாதம் பிறந்தால், அந்த மலையூரில் யாரோ ஒருவர் எழுந்து நின்று என் பெயரை உரக்கப் படிக்கிறார். கூட்டத்தில் யாராவது ஒருவர், அந்த பாயை இங்கே ஒரு நாள் டப்பாவோடு பார்த்தேனே என்று சொன்னால் போதும், அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று நான் சொன்ன பொய் உடைந்துவிடும். அஞ்செட்டிப் பேருந்தில் வருகிறவர்கள் பகல் பதினொன்றரைக்குப் பஜாருக்குள் நுழைவார்கள். தை மாதம் முழுவதும் அந்த நேரத்தில் தில்ஷாத்தைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, நான் பின்பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன்.